இணையத்தளமும் கடைவாயிலும்



கடை வைப்பது எளிது. கடைக்கு ஆள் வரச் செய்வதுதான் அரிது. இவ்வுண்மையை வணிகர் எக்காலத்திலும் உணர்ந்தே இருந்தனர். பழைய மதுரை மாநகரின் அங்காடித் தெருக்களில் பல்வேறு கொடிகள் பறந்தன என்று மதுரைக்காஞ்சி கூறுகிறது. கள் விற்கும் இடத்திலும் ஒரு கொடி பறந்தது. தொலைவில் வருவோன் கொடியைக் காண்பான். அத்திசை நோக்கி நடப்பான். கொடிக்குப் பின் பெயர்ப் பலகை வந்தது. துண்டு விளம்பரமும் செய்தித்தாள் விளம்பரமும் வந்தன. வானொலியும் தொலைக்காட்சியும் அவற்றைத் தொடர்ந்தன. இன்று இணையத்தளம் வந்திருக்கிறது.

இணையத்தளம் என்றவுடன், பொருளைத் திரையிலேயே தேர்ந்து, விலையைத் திரையிலேயே செலுத்தி, வீட்டில் இருந்தவாறே பெற்றுக்கொள்ளும் வணிகமே பலருக்கும் நினைவுக்கு வரும். அதனைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. தையற்காரர், பல் மருத்துவர், தச்சர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், உணவு விடுதி நடத்துபவர் முதலியோரை எண்ணிப் பாருங்கள். இவர்கள் தொழில் திரையில் முடிவதன்று. வாடிக்கையாளர் இவர்களிடம் நேரில் வரவேண்டும்; அல்லது இவர்கள் வாடிக்கையாளரின் வீட்டுக்குச் செல்லவேண்டும். இத்தகையோருக்கு இணையத்தளத்தால் என்ன பயன்? திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை எழுந்து கடைவாயில் வரை நடக்கச் செய்வது எது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர், ஆராய்ச்சியாளர்கள் தம் குறிப்புகளை ஒருவரோடொருவர் எளிதில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக 1989-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அதுவே உலகளாவிய வலையாக மலர்ந்தது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், இந்த நுட்பத்தை எவரும் உரிமைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அறிஞர்களுக்காக எழுந்த மண்டபத்தின் கதவு அன்று அனைவருக்கும் திறந்தது. பெருநிறுவனமும் நுழைந்தது, தெருமுனைச் சிறு கடையும் நுழைந்தது.

அடுத்த ஆண்டே, அதாவது 1994-இல், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சாண்டா குரூஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. பிட்சா ஹட் என்னும் உணவு நிறுவனம், இணையத்தின் வழியே உணவு கேட்டுப் பெறுவதற்கு ஒரு பக்கத்தை அமைத்தது. சாண்டா குரூஸில் இருப்பவர் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வேண்டிய உணவையும் அப்பக்கத்தில் குறித்து அனுப்புவார். அச்செய்தி நெடுந்தொலைவிலுள்ள கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரக் கணிப்பொறிக்குச் செல்லும். அங்கிருந்து மீண்டும் சாண்டா குரூஸ் கடைக்கே வந்து சேரும். செய்தி எவ்வளவு தொலைவு சுற்றிவந்தாலும், அடுப்பு எரிந்தது அந்த ஊரில்தான். உணவு வெந்ததும் அந்த ஊரில்தான். இணையத்தளத்தின் ஒரு முனை உலகெங்கும் பரவியிருக்கலாம். மறு முனை ஒரு மெய்யான கடையில், ஒரு மெய்யான மனிதரின் கையில் முடியவேண்டும் என்பதை அச்சிறு சோதனை அன்றே காட்டிவிட்டது.

இனி, வாடிக்கையாளர் ஒரு கடையின் தளத்தை எவ்வாறு சென்றடைகிறார் என்பதைக் காண்போம். பெரும்பாலும் அவர் ஒரு தேடுபொறியை நாடுகிறார். கூகிள் போன்ற தேடுபொறி, ஓய்வின்றிச் சுற்றும் ஓர் எழுத்தரைப் போன்றது. அது பக்கம் பக்கமாகச் சென்று படிக்கிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போல ஓர் அட்டவணை வகுத்துக்கொள்கிறது. ஒருவர் வினவும்போது அவ்வட்டவணையைப் புரட்டி, ஏற்றவை எனக் கருதும் பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அருகிலுள்ள கடைகளைத் தேடுவோருக்கு அது முதன்மையாக மூன்றனை ஆராய்கிறது. தேடிய பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம் ஒன்று. தேடுவோருக்கும் கடைக்கும் இடையேயுள்ள தொலைவு இரண்டு. அக்கடை எவ்வளவு பெயர் பெற்றது என்பது மூன்று. தொலைவை மாற்றுதல் கடைக்காரரால் ஆவதன்று. பெயர் ஒரே நாளில் வருவதன்று. பொருத்தம் மட்டுமே பெரிதும் அவர் கையில் இருக்கிறது. அவர் தம் தளத்தில் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

ஆனால் கடைத் தளங்கள் பலவற்றில் என்ன காண்கிறோம்? “தரமே எங்கள் தாரக மந்திரம், வாடிக்கையாளரின் மனநிறைவே எங்கள் குறிக்கோள்” என்ற வாசகங்களைக் காண்கிறோம். நிறுவனரின் படத்தைக் காண்கிறோம். பொருளின் விலை என்ன? எத்தனை நாளில் கிடைக்கும்? பழுதானால் யார் சரிசெய்வார்? இவற்றுக்கு விடை இல்லை. ஒருமுறை மூக்குக் கண்ணாடியைச் செப்பனிடுவதற்காக ஒரு கடையின் தளத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. வெயிலில் இரண்டு பேருந்து மாறிச் சென்றேன். கதவில் பூட்டுத் தொங்கியது. அண்டைக் கடைக்காரரைக் கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமை திறப்பதை அவர்கள் விட்டு ஓராண்டுக்கு மேலாயிற்றே!” என்றார். என்னை அந்த வாயில் வரை அழைத்துச் சென்றது அந்தத் தளந்தான். இனி அவ்வாயிலை மிதிப்பதில்லை என்று எண்ணச் செய்ததும் அதே தளந்தான். நேரத்தைத் திருத்த ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால் அக்கடை ஒரு வாடிக்கையாளரை இழந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றை இப்போது கூற விரும்புகிறேன். அது அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்கு ரிவர் பூல்ஸ் என்னும் நிறுவனம் 2001-ஆம் ஆண்டு முதல் வீட்டுத் தோட்டங்களில் நீச்சற்குளம் அமைத்துத் தந்துவந்தது. மார்க்கஸ் ஷெரிடன் என்பவர் அதன் பங்குதாரருள் ஒருவர். அவர்கள் அமைத்தவை கண்ணாடியிழைக் குளங்கள். தொழிற்சாலையில் ஒரே தொட்டியாக வார்த்து, பெரிய சுமையுந்தில் ஏற்றிவந்து, தோண்டிய பள்ளத்தில் இறக்கிப் பதிப்பார்கள். இதனை இணையத்தின் வழியே விற்றுவிட முடியாது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மண்ணைத் தோண்டவேண்டும், ஆள் சென்று பார்க்கவேண்டும், வீட்டுக்காரர் மிகப் பெரிய தொகையைக் கொடுக்க மனம் துணியவேண்டும்.

2008-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. வீட்டு மதிப்புகள் வீழ்ந்தன. கடன் கொடுப்பார் கையை இறுக்கிக்கொண்டனர். நீச்சற்குளம் இன்றியும் மனிதன் வாழலாம் அன்றோ? மாதத்துக்கு ஏறத்தாழ ஆறு குளங்களுக்கு வந்துகொண்டிருந்த கேள்வி இரண்டாகச் சுருங்கியது. ஒவ்வொன்றும் 50,000 டாலருக்கு மேற்பட்ட குளங்களுக்கு முன்பணம் கொடுத்திருந்த நால்வர், அப்பணத்தைத் திருப்பிக் கேட்டனர். வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்துக் காலந்தள்ளும் நிலை வந்தது. வானொலி, தொலைக்காட்சி, இணைய விளம்பரங்கள் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் அவர்கள் செலவிட்டுவந்த தொகை ஏறத்தாழ 2,50,000 டாலர். அதனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கவேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் குறையும்போதே விளம்பரத்தையும் குறைப்பது, மூழ்குபவன் கையிலுள்ள கட்டையையும் விடுவது போன்றதன்றோ? ஆனால் அவர்களுக்கு வேறு வழி இல்லை.

இந்நிலையில் ஷெரிடன் மிக எளிய ஒரு செயலைத் தொடங்கினார். அதுவரை வாடிக்கையாளர் தம்மிடம் நேரிலும் தொலைபேசியிலும் கேட்ட கேள்விகளையெல்லாம் நினைவுபடுத்தி எழுதினார். பகல் வேலை முடிந்து வீடு திரும்பியபின், இரவில் அமர்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விடை எழுதித் தம் நிறுவனத்தின் தளத்தில் வெளியிட்டார். கேள்வியே தலைப்பு, விடையே கட்டுரை.

முதற் கேள்வி எதுவாக இருக்கும் என்று நீங்களே கூறுவீர்கள். “குளத்துக்கு என்ன விலை ஆகும்?” என்பதுதான் அது. அத்தொழிலில் இருந்த பிறர் தம் தளங்களில் இக்கேள்விக்கு விடை கூறத் தயங்கினர். விலை இடத்துக்கு இடம் மாறும், போட்டியாளர் அறிந்துகொள்வார், வாடிக்கையாளர் தொகையைக் கண்டு அஞ்சி ஓடிவிடுவார் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். ஷெரிடனும் ஒரே தொகையைக் கூறிவிட முடியாதுதான். ஆனால் விலை ஏன் மாறுகிறது என்று அவர் விளக்கினார். குளத்தின் அளவு, சுற்றுத்தளம், உடன் அமைக்கும் வசதிகள் முதலியவை விலையை எவ்வாறு ஏற்றும், எவ்வாறு இறக்கும் என்று காட்டி, இன்ன தொகையிலிருந்து இன்ன தொகை வரை ஆகலாம் என்று எழுதினார். கண்ணாடியிழைக் குளத்தின் விலையை அறிய விரும்பித் தேடியவர்கள் அந்தப் பக்கத்தை வந்தடைந்தனர். ஏனெனில், கேட்டதற்கு விடை அங்குதான் இருந்தது. அந்த ஒரு கட்டுரையைப் படித்துவந்து குளம் வாங்கியவர்களால் தமக்குக் கிடைத்த விற்பனை 17,00,000 டாலருக்குக் குறையாது என்று 2013-ஆம் ஆண்டில் அவர் கணக்குக் கூறினார்.

இரண்டாவது செயல் இதனினும் வியப்புக்குரியது. தாம் விற்கும் பொருளின் குறைகளையும் அவர் எழுதினார். கண்ணாடியிழைக் குளத்தைச் சாலை வழியே கொண்டுவர வேண்டியிருப்பதால், அதன் அகலம் ஏறத்தாழ 16 அடிக்கு மேற்படுதல் அரிது. அச்சில் வார்ப்பதாகலின், விரும்பிய வடிவிலெல்லாம் கிடைக்காது. கான்கிரீட் குளமோ எந்த வடிவிலும் அமையும். ஆயினும் அதனைப் பேணும் செலவு வேறு. இவ்வாறு ஒப்பிட்டு, எது யாருக்கு ஏற்றது என்று கூறினார். இன்னொரு கட்டுரையில் ரிச்மண்ட் நகர வட்டாரத்திலுள்ள சிறந்த குளம் அமைப்போரைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் தம் நிறுவனத்தின் பெயரைச் சேர்க்கவில்லை; எல்லாம் போட்டியாளர் பெயர்களே. விளைவு யாது? போட்டியாளரின் பெயரைத் தேடியவர்களும் இவருடைய பக்கத்துக்கே வந்தனர். தம் போட்டியாளரையும் மறைக்காமல் கூறும் மனிதரிடம் ஒருமுறை பேசிப் பார்க்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது.

நிறுவனம் பிழைத்தது, பின்னர்த் தானே குளங்களை வார்க்கும் தொழிற்சாலையையும் நிறுவியது. ஷெரிடன் தம் அனுபவத்தை 2017-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவும் எழுதினார்.

இவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்கது யாது? கேள்விக்கு விடை தரும் தளம் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, தேடுவோரையும் கடையையும் சந்திக்கவைக்கிறது. இரண்டாவதாக, அறியாத ஒருவரிடம் நம்பிக்கையை வளர்க்கிறது. மூன்றாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. அது, வரவேண்டாதவரை வராமல் தடுக்கிறது. விலை தமக்குக் கட்டாது என்று கண்டவர் வீட்டிலேயே நின்றுவிடுகிறார். அதனால் அவருக்கும் இழப்பில்லை. கடைக்காரருக்கும் அரை நாள் பேச்சு மிச்சம். வருபவரோ பாதி முடிவோடு வருகிறார். தம் தளத்தில் 30 பக்கங்களோ அதற்கு மேலோ படித்துவிட்டுத் தம்மைச் சந்தித்தவர்களுள் 100-க்கு 80 பேர் குளம் வாங்கினர் என்று ஷெரிடன் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆயினும் மாணவர்களாகிய நீங்கள் இந்தக் கணக்கை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. 30 பக்கங்கள் படித்ததனால் அவர்கள் வாங்கினார்களா? வாங்கவேண்டும் என்ற விருப்பம் முன்பே மிகுந்திருந்ததனால் 30 பக்கங்கள் படித்தார்களா? இரண்டும் இருக்கலாம். உடன் நிகழ்வதெல்லாம் காரணமாகிவிடாது என்பதை வணிகக் கணக்கிலும் மறத்தல் ஆகாது. மேலும், ஷெரிடன் எழுதத் தொடங்கிய காலத்தில் அத்துறையில் எழுதியவர் மிகச் சிலர். வெற்று நிலத்தில் அவர் முதல் விதையை இட்டார். இன்று நிலம் நிரம்பிக் கிடக்கிறது. அன்றியும், 2024-ஆம் ஆண்டு முதல் கூகிள் தேடுபொறி பல வினாக்களுக்குச் செயற்கை நுண்ணறிவால் தானே விடை தொகுத்துத் திரையின் உச்சியில் காட்டத் தொடங்கியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால், படிப்பவர் கடையின் தளத்துக்குள் நுழையாமலும் போகலாம். எனவே, எங்கும் கிடைக்கும் பொதுச் செய்தியை எழுதுவதால் இனிப் பெரும்பயன் இல்லை. அந்தக் கடைக்காரர் மட்டுமே அறிந்ததை எழுதவேண்டும். தம் ஊர் மண்ணில் எந்தக் குளம் நிற்கும், தம் கடையில் எந்தத் துணி எத்தனை முறை வெளுத்தும் சாயம் போகவில்லை, போன மாதம் தாம் செய்த வேலையில் எது பிழைத்தது, எது பிழையாயிற்று என்பவற்றை வேறெவர் எழுத முடியும்?

இன்னொரு வினாவும் எழும். பிறர் நடத்தும் பெருந்தளங்களில் இலவசமாக ஓர் இடம் கிடைக்கும்போது, கடைக்கெனத் தனித்தளம் வேண்டுமா? வரைபடத்தில் கடையைக் காட்டும் பதிவும், சமூக ஊடகங்களில் ஒரு பக்கமும் வேண்டுவனவே. ஆனால் அவை வாடகை வீடுகள். அவற்றின் வீட்டுக்காரர் கதவை அடைத்தால் நாம் தெருவில் நிற்போம். 1994-ஆம் ஆண்டில் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் எண்ணற்றோர் இலவசப் பக்கங்களை அமைத்திருந்தனர். அதனை விலைக்கு வாங்கிய யாகூ நிறுவனம், ஜப்பான் நீங்கலாக, 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் அதனை மூடிவிட்டது. கூகிள் தன் வணிகப் பதிவேட்டின் துணைகொண்டு சிறு கடைகளுக்கு இலவசமாக அமைத்துக்கொடுத்த தளங்களை 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்திவிட்டது. அவற்றையே நம்பியிருந்த கடைக்காரர் புது முகவரி தேடவேண்டியதாயிற்று. கடைக்கெனச் சொந்தமாக ஒரு பெயரைப் பதிவுசெய்துகொண்டால், தளத்தைத் தாங்கும் நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. அப்பெயருக்கும் உரிய காலத்தில் கட்டணம் செலுத்திப் புதுப்பித்துவரல் வேண்டும். மறந்தால் பெயர் கைவிட்டுப் போகும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளைக் குறிக்கும் முகவரிகளைத் தமிழ் எழுத்திலேயே பெறும் வசதியும் இப்போது உண்டு.

இத்தனையும் செய்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது: தளத்தால் பயன் விளைந்தது என்பதை எவ்வாறு அறிவது? எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தனர் என்பதைக் கணிப்பொறி எண்ணிச் சொல்லும். அவ்வெண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. கடல் கடந்த நாட்டில் இருப்போர் ஆயிரவர் பார்த்தாலும், நம் ஊர்த் தையற்காரருக்கு ஒரு சட்டையும் கூடுதலாக வராது. அடுத்த தெருவில் இருப்போர் பத்துப் பேர் பார்த்தால் நான்கு சட்டை வரலாம். ஆதலால் கடைக்கு வரும் ஒவ்வொருவரையும், “எங்களைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்?” என்று அன்போடு கேட்டு, விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பதே சிறு வணிகர்க்கு ஏற்ற கணக்கு.

தளத்தின் எல்லையையும் உணரவேண்டும். அது மனிதரை வாயில் வரைதான் அழைத்து வரும். வாயிலுக்கு உள்ளே நடப்பதை அது திருத்தாது. தளத்தில் ஒரு விலையும் கடையில் ஒரு விலையும் இருந்தால், அழைத்துவந்து அவமதித்ததாகும். விரிவான விளம்பரத்தால் கெட்ட சரக்கு நல்ல சரக்காகிவிடாது. அது கெட்டது என்ற செய்தி மட்டும் விரைவில் பரவும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலருடைய தந்தையோ மாமனோ கடை வைத்திருக்கலாம். இல்லையேல், உங்கள் தெருவில் நீங்கள் நாள்தோறும் காணும் ஒரு கடை இருக்கும். விடுமுறையில் ஒரு வாரம் அங்கே சென்று அமருங்கள். வருவோர் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுள் மீண்டும் மீண்டும் வரும் 20 கேள்விகளைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் வாய்மொழியாகத் தரும் விடையை, கூட்டாமலும் குறைக்காமலும் தெளிந்த தமிழில் எழுதுங்கள். கடை திறக்கும் நேரம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை முதலிலேயே தந்து, கைபேசியில் படிக்கத்தக்கவாறு அமைத்தால் அக்கடைக்கு ஒரு நல்ல தளம் ஆயத்தமாகிவிடும். கணிப்பொறி நுட்பத்தைப் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம்; அல்லது அறிந்தாரிடம் கேட்கலாம். கேள்வியைக் காது கொடுத்துக் கேட்கும் பொறுமையும், விடையை ஒளிக்காமல் கூறும் துணிவுமே முதலில் வேண்டுவன. வர்ஜினியாவில் கடன் சுமையோடு இரவில் அமர்ந்து எழுதிய அந்தக் குளக்காரரிடம் அன்று பெருஞ்செல்வம் இல்லை. அவரிடம் இருந்தவை அவ்விரண்டுமே.